சாம்பி சொன்ன ஊர்

முன்னே முன்னே ஒரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு தேசத்தை, தயிர்மேல் தீராத ஆசை கொண்ட ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். காலையில் தயிர், மத்தியானம் தயிர், பொழுது சாய்ந்ததும் தயிர். யுத்தத்துக்குப் புறப்பட்டால்கூடப் பட்டத்து யானைக்குப் பின்னால் தயிர்ப்பானை ஒன்று போகும். சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்காத தேசம் என்பதால் அந்தப் பானை உடைந்ததே இல்லை.

ஒருநாள் வடக்கே ஆற்றங்கரை நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்தார். அவருக்கு விருந்து வைத்தார்கள். எல்லாவற்றையும் புகழ்ந்து சாப்பிட்ட தூதர், கடைசியில் தயிரை நாக்கில் வைத்ததும் யாரோ இறந்துபோன சேதி கேட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ராஜா காரணம் கேட்டார். தங்கள் நாட்டில் தயிரைக் கத்தியால் வெட்டித்தான் பரிமாறுவார்கள் என்றும், அங்கே இருப்பவை எல்லாம் ஏழு தலைமுறை சொல்லக்கூடிய வம்சப் பசுக்கள் என்றும், இங்கே தெருவில் திரிவதையெல்லாம் பிடித்துக் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது என்றும் தூதர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் காலை சபை கூடியதும் ராஜா எழுந்து நின்றார்.

"ஏழு தலைமுறை சொல்லத்தக்க வம்சப் பசுக்கள் நம் கொட்டிலில் நிற்க வேண்டும். அதுவரை இந்த அரண்மனையில் ஒருவரும் தயிர் உண்ணக் கூடாது." சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஒருவரில் தாமும் அடக்கம் என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்மைத் தவிர" என்று சேர்த்துக்கொண்டார்.

பசுக்களைத் தேடிப் போக முன்வந்தவர் பூவராகர். அரண்மனைக் கொட்டிலுக்கு அவர்தான் அதிகாரி. பசுக்களை ஓலையில் எண்ணுவாரே தவிர, கொட்டில் பக்கம் போக நேர்ந்தால் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். ஏழு மலை தாண்டிப் போய் இரண்டு மாதக் கெடுவுக்குள் வம்சப் பசுக்களைக் கொண்டுவருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். வடதேசத்து ராஜாக்களுக்குக் கொடுக்கப் பட்டும் சந்தனமும் நிறைந்த பெட்டிகளை வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து மேளதாளத்தோடு திரும்பி வந்தார். பெட்டிகள் இல்லை. பன்னிரண்டு பசுக்கள் இருந்தன.

பார்க்க அழகான மாடுகள்தான், அதில் சந்தேகமில்லை. உடம்பெல்லாம் சாம்பல் பூசிய வெண்மை. கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போல் கறுப்பு வளையம். கொம்புகள் மூன்றாம்பிறை மாதிரி உள்ளே வளைந்திருந்தன. பூவராகர் ஓலைக்கட்டு ஒன்றைப் பிரித்து வாசித்தார். பாற்கடலைக் கடைந்தபோது காமதேனுவுக்குப் பின்னால் எழுந்த அதன் தங்கையின் வம்சமாம் இவை. வடக்கே பனிமலை அடிவாரத்தில் தாமரைக் குளக்கரையில் பிறந்தவை. அறுகம்புல்லும் கரும்பின் கொழுந்தும் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவை. கன்றுகூடப் பிறக்கும்போதே சங்கு போல வெள்ளையாகத்தான் பிறக்கும். சபை கைதட்டியது. தயிர்த் தடை அன்றே நீங்கியது. பழைய மாடுகளைக் கொட்டிலிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் தயிர்தான் இல்லை. வந்த நாள் முதல் பன்னிரண்டு பசுக்களும் சேர்ந்து ஒரு கரண்டிப் பாலுக்குமேல் தரவில்லை. கறக்கப் போனவன் உதை வாங்கிக்கொண்டு வந்தான். சாம்பிராணி போட்டார்கள், வீணை வாசித்தார்கள், பட்டுத் துணியில் முதுகு துடைத்தார்கள். உயர்ந்த குலத்துப் பசுக்களுக்குக் கூச்சம் அதிகம் என்றும், அவை வெட்கம் தெளியக் கொஞ்சகாலம் ஆகும் என்றும் பூவராகர் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி இருந்தான். ஒட்டடைக்கோல் மாதிரி உயரம், எப்போதும் எதையோ கேட்டுச் சிரிக்கப்போகிற முகம். ஒருநாள் ராஜா அவனைப் பார்த்து, இந்த வம்சப் பசுக்களைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

"உயர்ந்த வம்சம்தான் மகாராஜா. வேளைக்குச் சாப்பிடுகின்றன, பட்டுடுத்துகின்றன, தூங்குகின்றன, ஒரு வேலையும் செய்வதில்லை. எங்கள் சபையில் வந்து உட்கார எல்லாத் தகுதியும் இருக்கிறது" என்றான் குழைக்காதன்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பூவராகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டார்.

பசுக்கள் வந்து ஒன்பதாம் நாள், அரண்மனை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கெண்டைக்கால் வரை செம்மண், பாதமெல்லாம் கொப்புளம். நாச்சாயி என்று பேர் சொன்னாள். மேற்கே முள்ளுக்காட்டுச் சீமையில் வேலங்காடு என்ற ஊராம். குளம்படியைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் நடந்து வந்திருக்கிறாள். தன் ஊர் மாடுகள் இங்கே இருக்கின்றன என்றும் அவற்றைக் கேட்டு வாங்கிப் போக வந்திருப்பதாகவும் சொன்னாள். காவலர்கள் விரட்டப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ராஜா உப்பரிகையில் நின்றதால் அவளைச் சபைக்கு அழைத்து வரும்படி ஆயிற்று. பூவராகரின் ஓலையில் இருந்ததை முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"மகாராசா, அதுக பனிமலையவும் பாக்கல, தாமரைக் குளத்தையும் பாக்கல. எங்க கட்டுத்தறியில நின்ன மாடுங்க. வரும்போதே கொட்டில்ல பாத்தேன், மொதல்ல நிக்கிறது என்னோட சாம்பி. ராசா உத்தரவுன்னு சொல்லி ஆளுகளோட வந்து ஓட்டிக்கிட்டுப் போனாருங்க, இந்தா நிக்கிறாரே, இந்த அய்யாதான்" என்றாள்.

பூவராகர் அவளை மேலே பேச விடவில்லை. ஏழு மலை தாண்டிக் கொண்டுவந்த பசுவை ஒரு முள்ளுக்காட்டுக்காரி தன்னது என்கிறாள், ஓலை பொய் சொல்லுமா, இவள் சொல்வதை நம்பினால் வம்சப் பசு வாங்கிய மகாராஜாவை ஆற்றங்கரைத் தூதர் என்ன நினைப்பார் என்று குரலை உயர்த்தினார். கடைசியாகச் சொன்னதுதான் ராஜாவைக் குத்தியது. நாச்சாயி ஒரு பக்கம், பூவராகர் ஒரு பக்கம் பேசப் பேச, தயிரில்லாத ஒன்பது நாள் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, ராஜா கையை ஓங்கி அரியணையில் தட்டினார்.

"போதும். மனிதர் பேச்சும் வேண்டாம், ஓலைப் பேச்சும் வேண்டாம். அந்தப் பசுவே இந்தச் சபையில் தன் வாயால் தன் ஊரைச் சொல்லட்டும். அப்போது நம்புகிறோம்."

எரிச்சலில் வந்த வார்த்தைதான். ஆனால் பூவராகர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். மகாராஜாவின் வாக்கு வீணாகலாமா, கல்லையும் பேச வைப்பேன் என்று நம் விகடகவி அடிக்கடி சொல்வாரே, அவரே பசுவையும் பேச வைக்கட்டும் என்றார். முடியாவிட்டால் அவர் இந்த நாட்டை விட்டுப் போகட்டும், அரண்மனைப் பசுவின் பேரில் பொய் வழக்குக் கொண்டுவந்த குற்றத்துக்கு இந்தப் பெண் சிறைக்குப் போகட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. ஐந்து நாள் கெடு வைத்தார். அதுவரை குழைக்காதனோ அந்தப் பெண்ணோ கொட்டிலுக்குள் காலடி வைக்கக் கூடாது என்பதையும் பூவராகர் உத்தரவாக வாங்கிக்கொண்டார்.

குழைக்காதன் மறுத்திருக்கலாம். அது விகடகவிக்கு உள்ள சலுகை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நழுவியிருக்கலாம். அவன் வாயைத் திறந்தான். அந்தப் பெண்ணின் பாதம் கண்ணில் பட்டது. கொப்புளம் உடைந்த இடத்தில் பளிங்குத் தரையில் ஈரம் படிந்திருந்தது. "அப்படியே ஆகட்டும் மகாராஜா" என்றான்.

நாச்சாயியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். வாசலில் இரண்டு காவலர் நின்றார்கள். குழைக்காதன் மனைவி அவள் காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் எதிரே உட்கார்ந்து, மாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, முன்பக்கத்தில் கொம்பு இருக்கும் என்பது வரைதான் தெரியும், மீதியை அவள்தான் சொல்ல வேண்டும் என்றான். நாச்சாயி முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். ஏதோ ஒரு பஞ்சத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே வந்தவர்கள். வழியில் முக்கால்வாசி மாடுகள் விழுந்துவிட்டன. முள்ளையும் காய்ந்த புல்லையும் தின்று எழுந்து நின்ற சில மாடுகளோடு வேலங்காட்டில் தங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மாடுகளின் வம்ச வழியை விட்டு வெளியே போனதில்லை. பசுக்களோடு சேர்க்கும் பொலிகாளையை ஊர் கூடித்தான் தேர்ந்தெடுப்பார்கள். காளை எவ்வளவு மிடுக்காக நின்றாலும் சரி, அதன் தாய் கோடையில் பால் வற்றாமல் நின்றாளா என்று பார்த்த பிறகுதான் அதை வைத்துக்கொள்வார்கள். தோல் இறுக்கமாக இருக்கும், உண்ணி ஒட்டாது. கோடையில் ஒருவேளைத் தண்ணீர் போதும். பால் குடம் குடமாக வராது. வருகிற பால் கெட்டி. உறைய வைத்தால் பானையைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. இந்த இடத்தில் குழைக்காதன் ராஜாவை நினைத்துக்கொண்டான்.

அந்த மாட்டிடம் குறை ஒன்றும் கிடையாதா என்று கேட்டான்.

"இருக்குங்க அய்யா. ரோசக்காரி. கன்னு பக்கத்துல இல்லாட்டி மடி இறக்காது, பால் விடாது. யாரு வந்து என்ன பண்ணினாலும் இறக்காது."

கன்று எங்கே என்று கேட்டான். பன்னிரண்டு கன்றையும் ஊரிலேயே அவிழ்த்து விட்டுவிட்டுத் தாயை மட்டும் ஓட்டிப் போனதைச் சொல்லும்போதுதான் நாச்சாயியின் குரல் உடைந்தது. சபையில் அதைச் சொல்ல வந்தபோதுதான் பூவராகர் குறுக்கே விழுந்தாராம். பாலுக்காகப் பசுவை ஓட்டிப் போகிறவர் எதற்குக் கன்றை விட்டுவிட்டுப் போனார் என்று குழைக்காதன் யோசித்தான். அதற்கு நாச்சாயி சொன்ன பதிலைக் கேட்டதும் எழுந்து தன் மட்டக்குதிரைக்குச் சேணம் கட்டப் போய்விட்டான்.

வேலங்காடு போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. கடைசிப் பத்துக் கல் தூரம் வெயிலும் முள்ளும்தான். இடுப்பு உயரத்துக்குக் கிளுவை வேலி, வேலிக்குள் வரிசையாக வெள்வேல மரங்கள், மரத்தடியில் காய்ந்து வெளுத்த கொழுக்கட்டைப் புல். வேறு பச்சை கிடையாது. ஊரில் பல வீடுகளின் முன்னால் கட்டுத்தறி காலியாக இருந்தது. ஊர்க்கோடிப் பட்டியில் கன்றுகள் நின்றன. அவன் போனதும் எல்லாம் ஒரே குரலாகக் கத்தின. இன்னும் மாடு மிஞ்சியிருந்த வீடுகளில் கறந்த பாலில் துணியை நனைத்து நனைத்து இந்தக் கன்றுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இரண்டு வாரமாக யாரும் மோர்கூடக் குடிக்கவில்லை.

நாச்சாயி சொன்னது சரியாக இருந்தது. சாம்பல் வெள்ளைப் பசுக்களின் கன்றுகள் அத்தனையும் செக்கச் செவேல் என்று இருந்தன. பிறக்கும்போது செம்மண் நிறம், ஆறு மாதத்தில் சாம்பலாக மாறும். அதுதான் அந்த இனத்தின் அடையாளம். பூவராகர் ஓலையில் சங்கு வெள்ளை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, சிவப்புக் கன்றுகளைப் பார்த்ததும் பயந்துபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சாம்பியின் கன்றுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. ஊர்க்காரர் ஒருவர் மாட்டுவண்டி பூட்டினார். கன்றை வண்டியில் படுக்க வைத்து, மேலே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காய்களும் பரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் குழைக்காதன் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பசித்தபோதெல்லாம் அது அவன் விரலைச் சப்பியது. இரண்டாம் நாள் மத்தியானம் சுருண்டு படுத்ததைப் பார்த்து அவன் கலங்கிப் போனான். வண்டிக்காரர் கலயத்துப் பாலை உள்ளங்கையில் ஊற்றி ஊட்டி அதை நிமிர்த்தினார்.

கெடு முடிகிற நாள் காலை வண்டி நகர வாசலுக்கு வந்தது. விகடகவி மேற்கே போனான் என்று கேள்விப்பட்டிருந்த பூவராகர் அங்கே ஆள் வைத்திருந்தார். மாடு, கன்று எது வந்தாலும் பிடித்து வைக்கச் சொல்லி உத்தரவு. வண்டியில் என்ன என்று கேட்டார்கள்.

"புல்லு. அதுக்கு அடியில ஒரு கன்னுக்குட்டி ஒளிஞ்சிருக்கு. இப்பத்தான் கண் அசந்தது, சத்தம் போட்டு எழுப்பிவிடாதீங்க" என்றான் குழைக்காதன்.

அவன் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகியவர்கள் அவர்கள். வயிறு குலுங்கச் சிரித்து வண்டியை உள்ளே விட்டார்கள். கொண்டுவந்தது வெறும் காய்ந்த புல் என்ற சேதி பூவராகருக்குப் போயிற்று. அவருக்கும் சிரிப்பு வந்தது. பசுவுக்குத் தீனி காட்டி ஏதோ செய்யப்போகிறான் என்று முந்தைய நாளே கணக்குப் போட்டு, அறுகம்புல்லும் பருத்திக்கொட்டையும் வெல்லமுமாகச் சாம்பிக்கு மூக்குமுட்டத் திணித்து வைத்திருந்தார். இனி தேவலோகத்துப் புல் வந்தாலும் அது வாயைத் திறக்காது என்பது அவர் நம்பிக்கை.

சபையில் நிற்க இடமில்லை. நெற்றிச்சுட்டியும் சலங்கையுமாகச் சாம்பி நடுவில் நின்றது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. தூரத்தில் ஒரு தூணருகே நாச்சாயி காவலர் நடுவே நின்றாள். குழைக்காதன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"மகாராஜா, ஒரு விளக்கம் வேண்டும். பசு தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதானே உத்தரவு? மனித பாஷையில் சொல்ல வேண்டும் என்று உத்தரவில் இல்லையே?"

"வாயால் என்றுதான் சொன்னோம்" என்றார் ராஜா.

"போதும்." அவன் பூவராகர் பக்கம் திரும்பினான். இந்தப் பசு பிறந்த ஊரில் என்ன தின்றது என்று ஓலையைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். அறுகம்புல்லும் கரும்புக் கொழுந்தும் தவிர வேறில்லை என்று அவர் வாசித்தார். இன்று காலை சாப்பிட்டதா என்று கேட்டான். வயிறு நிறையச் சாப்பிட்டது, இனி ஒரு கவளம் இறங்காது என்று பூவராகர் பெருமையாகச் சொன்னார்.

மூன்று கூடைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றில் அறுகம்புல். ஒன்றில் கரும்புக் கொழுந்து. மூன்றாவது கூடையில் இருந்த சருகைப் பார்த்து, அது என்ன என்று ராஜா கேட்டார். கொழுக்கட்டைப் புல் என்றான். கொழுக்கட்டை என்றதும் ராஜா கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். புல்தான் என்று தெரிந்ததும் பழையபடி சாய்ந்துகொண்டார்.

சாம்பி முதல் கூடையைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதன்மேல் மூச்சு விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது கூடையின் பக்கம் வந்ததும் அதன் காதுகள் நிமிர்ந்தன. நின்று மோந்தது. மறுபடியும் மோந்தது. பிறகு முகத்தைக் கூடைக்குள் புதைத்துக்கொண்டு, பிதுங்கிய வயிற்றோடு, பத்து நாள் பட்டினி கிடந்தது போலத் தின்ன ஆரம்பித்தது. முள்ளோடு கிடந்த வெள்வேலங்காய்கள் நறநறவென்று நொறுங்குகிற ஓசை சபை முழுக்கக் கேட்டது.

"வேலங்காடு என்கிறாள் மகாராஜா. வாய் நிறையச் சொல்கிறாள்" என்றான் குழைக்காதன்.

சிரிப்பு எழுந்தது. பூவராகர் முகம் சிவந்தது. மாடு புதுச் சுவைக்கு ஆசைப்படுவது சகஜம், மெல்வதெல்லாம் சொல்வதாகுமா, சொல்வதென்றால் குரல் வர வேண்டாமா என்று வாதாடினார். ராஜா தாடையைத் தடவினார். வாயால் சொல்வதென்றால் குரலும் இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கும் பட்டது.

"அப்படியானால் பதில் வரவேண்டிய கேள்வியை யாராவது கேட்க வேண்டும் மகாராஜா. இவள் பாஷை தெரிந்தவர் ஒருவரைத்தான் அழைத்து வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குழைக்காதன் வாசல் பக்கம் கை காட்டினான்.

வண்டிக்காரர் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். கால் தள்ளாட நின்ற அந்தச் சிவப்புக் கன்று, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, மெலிந்த குரலில் ஒரு தடவை கத்தியது.

சாம்பி கூடையிலிருந்து முகத்தை எடுத்தது. வாயில் புல் தொங்கியபடியே, மண்டபம் அதிர "ம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது. கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஓடியது. குறுக்கே நின்ற பூவராகர் எங்கே விழுந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஓலைகள் மட்டும் மேலே பறந்தன. கன்றின் நெற்றியை, முதுகை, வாலைச் சாம்பி நக்கி நக்கி எடுத்தது. கன்று முட்டிக்கொண்டு மடிக்குள் முகத்தை நுழைத்தது. ஒரு காம்பை அது பற்றுவதற்குள் மற்ற மூன்று காம்பிலும் பால் தானாகச் சொரியத் தொடங்கிப் பளிங்குத் தரையில் ஓடியது.

ராஜா அரியணையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பக்கத்தில் வேறெதுவும் கிடைக்காததால் யாரோ ஒருவருடைய வெற்றிலைத் தட்டைப் பிடுங்கித் தாமே பாலை ஏந்தினார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து உட்கார்ந்த பூவராகர் கடைசியாக ஒரு வாதம் வைத்தார். பசு வெள்ளை, கன்று சிவப்பு, இது இதன் கன்றே அல்ல என்றார். அப்போது நாச்சாயி காவலரை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளைக் கண்டதும் சாம்பி தலையைத் தாழ்த்தி அவள் தோளில் தேய்த்தது. அவள் ராஜாவைக் குனியச் சொல்லி, கன்றின் காது மடலைப் பிரித்துக் காட்டினாள். செம்மயிருக்கு அடியில் சாம்பல் நிறம் துளிர்த்திருந்தது. கண்ணைச் சுற்றி மை வளையமும் லேசாக விழத் தொடங்கியிருந்தது.

"இன்னும் மூணு மாசத்துல ஆத்தா மாதிரியே ஆயிடும் மகாராசா. ஊர்ல இன்னும் பதினோரு கன்னு செவப்பாத்தான் நிக்குது" என்றாள்.

ராஜா நிமிர்ந்து பூவராகரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஏழு மலையில் ஒன்றையும் அவர் ஏறவில்லை. ஐம்பது நாள் தம் தோப்பு வீட்டில் படுத்திருந்துவிட்டு, கெடு நெருங்கியதும் மேற்கே போய்க் கையில் கிடைத்ததை ஓட்டி வந்திருந்தார். பெட்டிகள் தோப்பு வீட்டில்தான் இருந்தன.

ராஜாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. நாச்சாயியிடம், உங்கள் மாட்டுக்கு எத்தனை தலைமுறை சொல்ல முடியும் என்று கேட்டார்.

"தலைமுறை எண்ணத் தெரியாதுங்க. நாங்க பஞ்சத்தைத்தான் எண்ணுவோம். இது அஞ்சு பஞ்சம் தாண்டின மாடு" என்றாள் அவள்.

ராஜா தம் காலத்தில் மேற்கே எத்தனை பஞ்சம் வந்தது என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு என்றாள். ஒன்றுகூட அவர் காதுக்கு வந்திருக்கவில்லை. சபையில் யாரும் தலை நிமிரவில்லை.

பிறகு அவர் உத்தரவுகள் போட்டார். பன்னிரண்டு பசுவும் அன்றே ஊர் திரும்ப வேண்டும். வேலங்காட்டில் வற்றாத அளவுக்கு ஆழமாக ஒரு குளம் வெட்ட வேண்டும். தோப்பு வீட்டுப் பெட்டிகள் அந்தச் செலவுக்குப் போகட்டும். ஊர்க்காரர்கள் மனம் இருந்தால், தங்கள் தேவைக்குப் போக மிஞ்சிய தயிரை அரண்மனைக்கு விற்கலாம். மனம் இருந்தால் என்பதை ராஜா இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் கெஞ்சியது. மனம் இருக்குதுங்க என்றாள் நாச்சாயி.

பூவராகருக்கு என்ன தண்டனை என்று குழைக்காதனையே கேட்டார். சிறையில் போட்டால் அங்கேயும் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், மாடுகளை ஓட்டிக்கொண்டு இவர் வேலங்காடு வரை நடக்கட்டும், பன்னிரண்டு கன்றும் சிவப்பு மாறிச் சாம்பல் ஆகும்வரை அங்கேயே சாணி அள்ளட்டும், அதற்குப் பிறகு வந்து இந்த இனத்தின் பூர்வீகத்தையும் குணத்தையும் புதிதாக ஓலையில் எழுதட்டும் என்றான் குழைக்காதன்.

"இந்தத் தடவை பார்த்து எழுதுவார் மகாராஜா. மூக்கை மூடிக்கொள்ள அங்கே கை ஒழியாது."

ராஜா முதலில் புன்னகை செய்தார். பிறகு பூவராகர் சாணிக்கூடையோடு நிற்பது கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும், தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். குழைக்காதனை அருகே அழைத்துத் தம் கைக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை அவன் தோளில் போர்த்தினார். விகடகவியின் முகம் ஒருபக்கமாகக் கோணியது. சால்வை பின்னாலிருந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், வயிறு நிறைந்த கன்று அதன் ஜரிகை ஓரத்தை வாய்க்குள் வைத்துச் சுகமாகச் சப்பிக்கொண்டு நின்றது. பாதிச் சால்வை ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அவன் ஒரு முனையையும் கன்று ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்து ராஜா அரியணைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, அந்தச் சால்வை அதற்கே இருக்கட்டும், விகடகவிக்கு வேறு இரண்டு கொண்டு வாருங்கள் என்றார்.